சிமுலேஷன்ல டீட்டெய்ல கூட்டவும் குறைக்கவும் ஏஜென்ட் (தானா முடிவெடுத்து மத்ததுங்களோட பேசிக்கற சின்ன புரோகிராம்) எதுக்கு, தூரத்த வச்சு ஒரு இஃப் கண்டிஷன் போட்டா போதாதா?

இத கேட்டவருக்கு ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்னு நெனக்கிறேன், கைடுதான் இப்படி கேட்டிருப்பாரு. எனக்கும் இதேதான் சொன்னாங்க, அதான் எழுதறேன்.

கேம் பண்றவங்க சண்டைக்கு வராதீங்க. கேம்ல மாதிரி பாக்கற கண்ணு ஒண்ணுன்னா, தூரத்துல இருக்கறத டீட்டெய்ல் கம்மியா வரைஞ்சா போதும், 1976லயே கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ்காரர் ஜேம்ஸ் கிளார்க்கோட பேப்பர்ல அது இருக்கு. நான் சொல்றது யாரும் பாக்காட்டியும் பதில் சரியா வர வேண்டிய சிமுலேஷன்.

என்னோடது ஏற்காடு மலை ரோட்டு டிராஃபிக் சிமுலேஷன், 20 கொண்டை ஊசி வளைவு. (கோடை விழாவப்ப குப்பனூர் வழியா இறங்க விடுவாங்க, அதனால நான் எடுத்தது சாதாரண ஞாயித்துக்கெழம.) எல்லா வண்டியையும் தனித்தனியா ஓட்டினா லேப்டாப் தாங்கல, அதனால அடிவாரத்துல மட்டும் வண்டி வண்டியா, மேல எல்லாம் அடர்த்தி, சராசரி வேகம்னு ரெண்டே நம்பர். மலையில எங்கயும் நெரிசலே வரல. அப்பா அந்த ரூட்ல பஸ் ஓட்டுனவரு, பாத்துட்டு "பஸ் திரும்பறப்ப எதிர்ல ஒருத்தனும் நிக்கலியே கண்ணு"ன்னாரு. நெசந்தான், பஸ் வளைவுல ரோடு முழுக்க எடுத்துக்கும், எதிர்ல ஒரு கார் மூக்க நீட்டிட்டா ரெண்டு பக்கமும் நின்னுரும், சராசரிக்குள்ள போட்டா அந்த பஸ்ஸே கரைஞ்சு போயிருது.

அப்பறம் வளைவுக்கு ஒரு ஏஜென்ட் போட்டேன். வேகம் கொறஞ்சா டீட்டெய்ல் கூட்டுன்னு மொதல்ல எழுதினது வேலைக்காகல, ஏன்னா டீட்டெய்ல் கம்மியா இருக்கற வரைக்கும் வேகம் கொறையவே கொறையாது! டிரைவருங்க ஹாரன் சத்தம் கேட்டே மேலயே ஒதுங்கிருவாங்கன்னு அப்பா சொன்னாரு, அதையே வச்சேன்: ஒரு வளைவுல பஸ்ஸோ லாரியோ நுழைஞ்சா அந்த ஏஜென்ட் பக்கத்து ஏஜென்ட்டுக்கு சொல்லிரும், அது முன்னாடியே வண்டிகள தனித்தனியா பிரிச்சு வச்சிக்கும். இதுக்கும் இஃப் போதுமேம்பீங்க. ஒரே நேரத்துல ஆறு வளைவு டீட்டெய்ல் கேக்குது, மெஷின் நாலுக்குத்தான் தாங்கும், யாரு விட்டுக்குடுக்கறதுன்னு அதுங்களுக்குள்ள பேசி முடிக்கணும்ல, அங்கதான் ஏஜென்ட் வேணும்.

ரெண்டு விஷயத்துல உஷாரா இருங்க. கூட்டறதுக்கும் குறைக்கறதுக்கும் ஒரே எல்லை வைக்காதீங்க, மாத்தி மாத்தி தாவிட்டே இருக்கும், மொத்த நேரமும் அதுலயே போயிரும். திரும்ப சராசரிக்கு போறப்ப பெரிய வண்டிகள மட்டும் தனி லிஸ்டா வச்சிக்கங்க, இல்லன்னா அடுத்த வளைவுல பிரிக்கறப்ப பஸ் இருந்த எடத்துல ரெண்டு கார் வந்து நிக்கும்.

சம்பந்தம் இல்லதான், இருந்தாலும் சொல்லிடறேன். மலையில ஏறுற வண்டிக்கு இறங்கறவன் வழி விடணும்கறது ரூல்லயே இருக்கு. லீவு நாள்ல வர்ற கார்காரங்க நடு வளைவுல நின்னுட்டு ஹாரன் அடிக்கறாங்க, பஸ்ஸ பின்னாடி எடு எடுன்னு கத்தறாங்க. பவர் ஸ்டியரிங் இல்லாத பஸ்ஸ, உள்ள அம்பது பேர வச்சிட்டு, அப்பா எத்தன தடவ ரிவர்ஸ் எடுத்திருப்பாரு. அவரோட வலது தோள் வலி இன்னும் போகல.