கூட்டிய முற்றத்தில் மிஞ்சும் தடயங்கள்: வாசகர் கேள்வி பதில்

குற்றம் நடந்த இடத்தில் எவையெல்லாம் சான்றாகும் என்று சென்ற இதழில் சுருக்கமாக எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுத் திருகோணமலை மாவட்டத்திலிருந்து வாசகர்கள் எழுதிய கடிதங்களில் ஐந்துக்கு இம்முறை பதில் தருகிறேன்.

எங்கள் வீட்டில் களவு போனது. விடிந்ததும் மாமியார் வழக்கம்போல முற்றத்தைக் கூட்டிவிட்டார். பிள்ளைகளின் காலில் குத்தும் என்று உடைந்த யன்னல் கண்ணாடியை நானே அள்ளிக் கொட்டினேன். பிறகு வந்த பொலிஸார், எடுப்பதற்கு இனி ஒன்றுமில்லை என்றார்கள். நாங்கள் அழித்தது என்ன?
– வாசகி ஒருவர், உப்புவெளி

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அம்மா: நீங்கள் செய்தது எந்தத் தாயும் செய்யக்கூடியது, அதற்காக மனம் நோக வேண்டாம். ஆனால் கேட்டுவிட்டீர்கள் என்பதால் மறைக்காமல் பதில் சொல்ல வேண்டியது என் கடமை.

பிரான்சின் லியோன் நகரில் 1910ஆம் ஆண்டில் பொலிஸ் ஆய்வுகூடம் ஒன்றைத் தொடங்கிய எட்மன்ட் லோக்கார்ட், இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று தொட்டால் ஒவ்வொன்றும் மற்றதிலிருந்து எதையாவது எடுத்துக்கொள்ளும், எதையாவது விட்டுச்செல்லும் என்ற கருத்தின்மேல்தான் தன் வேலையைக் கட்டியெழுப்பினார். உங்கள் மணல் முற்றத்தை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். முதல்நாள் மாலையில் கூட்டிவிட்ட மணலில் இரவு நடந்தவரின் காலடி, செருப்பின் அடித்தேய்வு, எத்தனை பேர் வந்தார்கள், எந்தப் பக்கத்தால் போனார்கள் என்பவை எல்லாம் பதிந்திருக்கும். டோர்ச் ஒளியைத் தரையோடு சாய்த்துப் பிடித்தால் பகலில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கூட நிழலோடு எழுந்து தெரியும். அதன் அருகில் அடிமட்டம் ஒன்றை வைத்து மேலிருந்து நேராகப் படமெடுத்து, பிறகு சாந்து ஊற்றி அச்செடுப்பார்கள். பத்து நிமிடக் கூட்டலில் அது போய்விட்டது.

கண்ணாடி இன்னும் பேசக்கூடியது. சாதாரண யன்னல் கண்ணாடி அடிபட்டதும், அடிபட்ட புள்ளியிலிருந்து கதிர்போல வெடிப்புகள் விரிந்து ஓடும். அந்தக் கதிர் வெடிப்பு ஒன்றின் விளிம்பைப் பக்கவாட்டில் பார்த்தால் வளைந்த வரிகள் வரிசையாகத் தெரியும். அவை கண்ணாடியின் ஒரு முகத்தைச் செங்குத்தாகச் சந்திக்கும், மற்ற முகத்தோடு சாய்ந்து போகும். செங்குத்தாகச் சந்திக்கும் முகம் அடி விழுந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம். ஆகவே யன்னல் வெளியிலிருந்து உடைக்கப்பட்டதா, வீட்டுக்குள் இருந்த ஒருவர் உடைத்துவிட்டுக் களவு என்று காட்டினாரா என்பதை ஒரு துண்டை வைத்தே சொல்லிவிடலாம். உடைக்கும் கணத்தில் பொடித் துகள்கள் பின்னோக்கிப் பறந்து உடைத்தவரின் தலைமயிரிலும் சட்டை மடிப்பிலும் சிக்கிக்கொள்ளும் என்பதால், பிடிபட்டவரின் உடுப்பில் உள்ள துகளோடு ஒப்பிட உங்கள் யன்னலின் துண்டும் தேவை. நீங்கள் கொட்டிய துண்டுகள் இன்னும் குப்பைக் குழியில் தனியாகக் கிடந்தால், அதைப் பொலிஸாரிடம் சொல்லுங்கள். எந்தத் துண்டு எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பது போய்விட்டாலும், ஒப்பிடுவதற்கு அவை உதவக்கூடும்.

இனி ஒருவருக்கு இப்படி நேர்ந்தால், 119க்கு அழைத்துவிட்டு, அந்த அறைக் கதவைச் சாத்திவிட்டு, அயலவர்களைப் படலைக்கு வெளியிலேயே நிறுத்துங்கள். கள்வன் திறந்த அலுமாரியையும் நகைப்பெட்டியையும் எதெது போயிற்று என்று பார்ப்பதற்காகத் திறக்கும் கைகள்தான் கைரேகைகளை மிகுதியாக அழிப்பவை. இரத்தம் பட்ட துணி ஏதும் கிடந்தால் அதையும் தொடாதீர்கள். மழை போன்ற ஆபத்துக்காக எடுத்தே ஆகவேண்டும் என்றாலும் சொப்பிங் பையில் கட்டாதீர்கள். நம்முடைய வெக்கையில் அது உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடித்து, மரபணு சிதைந்துவிடும். ஆய்வாளர்கள் இத்தகைய துணிகளை உலரவிட்டுக் கடதாசிப் பையில் இடுவது அதனால்தான்.

கைரேகை, மரபணு இரண்டில் எது வலுவான சான்று?
– உயர்தர மாணவன், கிண்ணியா

உங்கள் வகுப்பில் ஒத்த இரட்டையர் இருந்தால் அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான மரபணுச் சோதனை அவர்களைப் பிரித்தறியாது, கைரேகை பிரித்துக் காட்டிவிடும். ஏனெனில் விரல் வரிகள் உருவாவதில் பரம்பரைக்கு மட்டுமல்ல, கருவறையில் ஒவ்வொரு விரலும் பட்ட அழுத்தத்துக்கும் பங்குண்டு. உலகின் முதல் கைரேகைப் பணியகம் 1897இல் கல்கத்தாவில் தொடங்கியது என்பதையும், அங்கே ஆயிரக்கணக்கான அட்டைகளில் ஒன்றை விரைவாகத் தேடி எடுக்கும் வகைப்படுத்தலை உருவாக்குவதில் அஸிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரு வங்காளிகள் பெரும்பங்கு ஆற்றினார்கள் என்பதையும் நம் மாணவர்கள் அறிய வேண்டும். அந்த முறைக்கு அவர்களின் மேலதிகாரியான ஹென்றியின் பெயரே நிலைத்துவிட்டது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

மரபணுவின் பலம் வேறு. ஒரு துளி இரத்தம், சிகரெட் முனையில் ஒட்டிய எச்சில், வேரோடு பிடுங்கப்பட்ட ஒரு மயிர் போதும். இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் 1984இல் கண்டறிந்த இம்முறை கொலை வழக்கொன்றில் முதன்முதலாகச் செய்த வேலை, குற்றவாளியைப் பிடித்தது அன்று. செய்யாத கொலையை ஒப்புக்கொண்டிருந்த 17 வயதுப் பையன் ஒருவனை விடுவித்ததுதான். உண்மையான கொலையாளி 1988இல்தான் தண்டிக்கப்பட்டான். கடற்கோளுக்குப் பின் கல்முனை வைத்தியசாலையில் 81ஆம் இலக்கத்தோடு கிடந்த கைக்குழந்தையின் பெற்றோரை 2005 பெப்ரவரியில் உறுதிப்படுத்தியதும் மரபணுச் சோதனையே.

ஆனால் இரண்டுமே மனிதர் கையால் தவறக்கூடியவை. ஜேர்மனி, ஒஸ்திரியா, பிரான்ஸ் ஆகிய நாடுகளில் ஏறத்தாழ 40 குற்றங்கள் நடந்த இடங்களில் ஒரே பெண்ணின் மரபணு கிடைத்ததால் பொலிஸார் ஆண்டுக்கணக்காக அவளைத் தேடினார்கள். 2009இல்தான் உண்மை வெளிவந்தது: மாதிரி எடுக்கப் பயன்பட்ட பஞ்சுக் குச்சிகளைத் தொழிற்சாலையில் கையாண்ட பெண்ணின் மரபணு அது. கிருமிநீக்கம் கிருமியைக் கொல்லும், மரபணுவை அகற்றாது. 2004 மட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் அமெரிக்க நிபுணர்கள் ஒரு கைரேகையைத் தவறாகப் பொருத்தி, அதில் எந்தத் தொடர்பும் இல்லாத சட்டத்தரணி ஒருவரை இரண்டு வாரம் தடுத்துவைத்தார்கள்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: எந்த இடத்தில், எந்தப் பொருளில், எப்படி எடுத்தார்கள் என்பது தெரியாமல் வலுவைச் சொல்ல முடியாது. கடைக்காரரின் மேசையில் வாடிக்கையாளரின் கைரேகை இருப்பதால் ஒன்றும் நிரூபணமாகாது. அதே கைரேகை பூட்டிய லாச்சியின் உட்புறத்தில் இருந்தால், அவர் விளக்கம் சொல்லியாக வேண்டும்.

கரையொதுங்கும் உடல் கடலில் மூழ்கி இறந்ததா, இறந்த பிறகு கடலில் போடப்பட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?
– மீனவர் ஒருவர், மூதூர்

சட்ட வைத்திய அதிகாரி முதலில் மூச்சுப்பாதையில் நுண்ணிய நுரை இருக்கிறதா, நுரையீரல் ஊதிக் கனத்திருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு தயற்றங்களைத் தேடலாம். இவை நீரில் வாழும் மிக நுண்ணிய அல்காக்கள். சிலிக்காவாலான ஓடுள்ளதால் அமிலத்திலும் கரையாமல் மிஞ்சும். உயிரோடு மூழ்கியவர் உள்ளிழுக்கும் நீரோடு அவை நுரையீரலைக் கடந்து இரத்தத்தில் கலந்து, இதயம் துடிக்கும் வரையில் எலும்பு மச்சை வரை போய்ச்சேரும். இதயம் நின்ற உடலில் அவ்வளவு தூரம் போக வழியில்லை.

உங்கள் கொட்டியாரக் குடாவுக்கு இதில் தனியான பொருத்தம் உண்டு. மகாவலி அங்கே கடலில் கலக்கிறது. ஆற்றுத் தயற்ற இனங்களும் கடல் இனங்களும் வேறானவை. எனவே மச்சையில் ஆற்று இனங்கள் மட்டுமே இருந்தால், உடல் கடலில் கிடைத்தாலும் மூழ்கிய இடம் ஆறு என்ற ஐயம் எழும். இருந்தாலும் இந்தச் சோதனையை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது என்றே பலர் கருதுகிறார்கள். பாத்திரத்தில் ஒட்டியிருந்த தயற்றமும் முடிவைக் கெடுக்கும். இறந்த நேரத்தைக் கணிப்பதும் நம்மூரில் கடினம். குளிர்நாட்டில் உடல் மெல்ல ஆறும் கணக்கைக் கொண்டு மணியைச் சொல்வார்கள். இங்கே வைகாசி வெயிலில் காற்றின் சூடே உடற்சூட்டை நெருங்கிவிடும், விறைப்பும் சீக்கிரம் வந்து சீக்கிரம் போய்விடும்.

சந்தேகநபர் பொலிஸாரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார் என்று செய்தி வந்த பிறகும் வழக்கு ஏன் இழுபடுகிறது?
– வாசகர், தம்பலகாமம்

1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. அவர் சொன்னதை வைத்துக் கத்தி ஒன்று கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதியை மட்டும் 27ஆம் பிரிவு அனுமதிக்கும். பயங்கரவாதத் தடைச் சட்டம் இதற்கு விலக்கு வைத்தது. அந்த விலக்கால் பட்ட துன்பத்தை நம் குடும்பங்கள் நன்கு அறியும். மற்ற வழக்குகளில் பொருட் சான்றுகளே பாரத்தைச் சுமக்க வேண்டும். அவற்றை யார் எடுத்தார், யார் முத்திரையிட்டார், அரச பகுப்பாய்வாளரிடம் யார் கொண்டுபோனார் என்ற வரிசை ஓரிடத்தில் அறுந்தாலும் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதைப் பிடித்துக்கொள்வார். அப்படிப் பிடிப்பது அவருடைய கடமை.

சம்பவ இடத்தைத் தொலைபேசியில் படம் எடுக்கலாமா?
– இளைஞர் ஒருவர், திருகோணமலை நகர்

எடுக்கலாம், எல்லை கடந்து உள்ளே போகாமல், பொலிஸாரின் வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல். இந்தக் கேள்வி நம் நகரிலிருந்து வந்ததால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டபோது, அவர்களிடமிருந்த கைக்குண்டே வெடித்தது என்று முதலில் சொல்லப்பட்டது. குண்டுச் சிதறல் உடலெங்கும் ஒழுங்கற்ற பல காயங்களை உண்டாக்கும். துப்பாக்கி ரவை நுழையும் இடமோ பெரும்பாலும் சிறிய வட்டமாக, விளிம்பு உராய்ந்து இருக்கும். பிரேத அறையில் ஊடகவியலாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்களில் அந்தப் பிள்ளைகளின் உடலில் இருந்தவை சூட்டுக் காயங்கள் என்பது தெரிந்தது. அதே மாதம் 24ஆம் திகதி அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். 2019 யூலையில் போதிய சாட்சியம் இல்லை என்று 13 சந்தேகநபர்களும் விடுவிக்கப்பட்டார்கள். அந்தப் படங்கள் இன்றும் இருக்கின்றன.

நீங்கள் எடுப்பதாயின், முதலில் தூரத்திலிருந்து முழு இடத்தையும், பிறகு கிட்டவாகவும் எடுங்கள். அளவு தெரிய ஒரு நாணயமாவது படத்தில் இருக்கட்டும், ஆனால் தடயத்தின்மேல் வைக்காதீர்கள். முகநூலில் போடாதீர்கள். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கி, எடுத்த நேரம், இடம் பற்றிய விவரங்கள் உதிர்ந்துவிடும். அசல் கோப்பை வெட்டாமல், நிறம் மாற்றாமல் தொலைபேசியிலேயே வைத்து, விசாரணை அதிகாரியிடம் கொடுக்கும்போது கொடுத்த திகதியையும் அவருடைய பெயரையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.