களிமண் இருந்தால் கடல் வந்ததா?

அன்புள்ள ஐயா,

கேப்பர் மலையில் மண் வெட்டிய ஒரு சரிவில், கூழாங்கல் கலந்த மணலும் அதன்மேல் களிமண்ணுமாக நான்கு முறை மாறி மாறி வருவதை அளந்து வரைந்தேன். களிமண் ஆழக் கடலில் படிவது என்று படித்திருக்கிறேன். கடல் நான்கு முறை ஏறி இறங்கியது என்று எழுதலாமா? எத்தனை மீட்டர் என்று கணக்கிட முடியுமா?

க., திருப்பாதிரிப்புலியூர்

அன்புள்ள க.,

அளந்து வரைந்தது நல்ல வேலை. ஆனால் அப்படி எழுதிவிடாதீர்கள். கேப்பர் மலையின் பாறையான கடலூர் மணற்கல்லின் பெரும்பகுதி ஆறுகள் கொண்டுவந்து கொட்டியது. ஆறு தடம் மாறினால் பழைய தடத்தின் அடியில் கூழாங்கல் தங்கும், பிறகு தேங்கும் வெள்ளநீரின் களி அதை மூடும். கடல் அசையாமலே இது பல முறை நடக்கும். கடல் என்று சொல்ல, கடலுக்கே உரிய தடயம் வேண்டும்: சிப்பி, கிளாகோனைட் எனும் பச்சைக் கனிமத்தின் மணிகள், இறால் இனங்கள் சேற்று உருண்டை பூசிக் குடைந்த வளைகள். சிவப்பும் வெள்ளையும் திட்டுத்திட்டாகக் கலந்த களியும் வேர்த்தடமும் தெரிந்தால் அது காற்றுப்பட்ட தரை. திருவக்கரையின் கல்மரங்களை வைத்தும் முடிவு செய்ய முடியாது. மரம் மிதந்து எங்கும் போகும்.

இந்த வேலைக்குப் பெரம்பலூர் பக்கம் காரைக்குப் போங்கள். அங்குள்ள களிப்பாறை டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்துக் கடலில் படிந்தது. அங்கே அடுக்குகள் சாய்ந்திருப்பதால், நடந்த தூரத்தை அடுக்கின் தடிமனாக எழுதிவிடக் கூடாது. சமதரையில் அடுக்கு சாயும் திசையிலேயே 100 மீட்டர் நடந்தால், சாய்வு 5 டிகிரி என்றால் உண்மையான தடிமன் 8.7 மீட்டர்தான். 4 டிகிரி என்று தவறாகப் படித்தால் 7 மீட்டர் ஆகிவிடும். சாய்வை நாலைந்து இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். விரிசல்களில் பளபளக்கும் ஜிப்சம் தகடுகளை, கடல் வற்றியதன் அடையாளம் என்று எடுக்காதீர்கள். அடுக்கைக் குறுக்கே வெட்டிப் போவதால் அது பின்னால் வந்தது.

ஆழத்துக்கு ஃபொராமினிஃபெரா எனும் நுண்ணிய ஒற்றைச்செல் கடலுயிர்களின் ஓடுகளே நல்ல சாட்சி. மேல்மண்ணை 30 செ.மீ. வெட்டி எறிந்துவிட்டு, உள்ளிருக்கும் புதுக் களியை எடுங்கள். காயவைத்த 100 கிராமை நீர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து, 63 மைக்ரான் சல்லடையில் கழுவி, 300 ஓடுகளை எண்ணுங்கள். ஒவ்வொரு மாதிரிக்குப் பின்னும் சல்லடையை மெத்திலீன் நீலத்தில் முக்க வேண்டும். முந்தைய மாதிரியின் ஓடு ஒட்டியிருந்தால் நீலமாகக் காட்டிக்கொடுத்துவிடும். இவற்றில் நீரில் மிதந்து வாழும் வகையும் கடலடியில் வாழும் வகையும் உண்டு; ஆழம் கூடக்கூட மிதக்கும் வகையின் பங்கு கூடும். அது 20 சதவீதத்துக்குக் கீழே என்றால் கண்டத்திட்டின் (கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடியின்) கரைப்பகுதி, 70-க்கு மேல் என்றால் பெரும்பாலும் திட்டைத் தாண்டிய சரிவு. மழைநீர் இறங்கிய களியில் மெல்லிய மிதக்கும் ஓடுகள் முதலில் கரைந்துவிடுவதால் கடல் இருந்ததைவிட ஆழம் குறைந்ததாகத் தெரியும். ஓடுகள் அரித்துப்போயிருந்தால் அந்த மாதிரியை ஒதுக்குங்கள்.

இனி உங்கள் மீட்டர் கணக்கு. பலரும் இடறுவது இங்கேதான். பாறை சொல்வது நீரின் ஆழத்தை, கடல்மட்டத்தை அல்ல. அடியில் ஆழம் 20 மீட்டர், அதன்மேல் 30 மீட்டர் சேறு படிந்தபின் ஆழம் 10 மீட்டர் என்று வையுங்கள். கடல் வற்றியது போலத் தோன்றும். ஆனால் தடிமனோடு ஆழ மாற்றத்தைக் கூட்டுங்கள்: 30 − 10 = 20. தரையை ஒப்பிட்டால் கடல் 20 மீட்டர் ஏறியிருக்கிறது. சேறு அதைவிட வேகமாக வந்து நிரப்பியதால் ஆழம் குறைந்தது. அந்த 30 மீட்டரும் இன்றைய தடிமனாக இருக்கக் கூடாது. புதுச்சேற்றில் பாதிக்கு மேல் நீர், பின்னால் அமுங்கி நசுங்கியிருக்கும். அதை விரித்துக் கணக்கிட வேண்டும்.

கிடைத்த 20-லும் காவிரிப் படுகை (காரையின் அடுக்குகள் படிந்த பெரும் பள்ளம்) தானாகத் தாழ்ந்தது எவ்வளவு, சேற்றின் பாரத்தால் தாழ்ந்தது எவ்வளவு என்று கழித்தபின் மிஞ்சுவதுதான் கடலின் பங்கு. ஒரே இடத்தின் அடுக்கை வைத்து அதைப் பிரிக்க முடியாது. அதே அம்மோனைட் (அழிந்துபோன சுருள் ஓட்டுக் கடலுயிர்) இனங்கள் உள்ள, அதனால் ஒரே காலத்தவை என்று தெரியும் அடுக்குகளை வேறு கண்டங்களின் படுகைகளிலும் பார்த்து, அங்கும் அதே காலத்தில் ஏற்றம் தெரிந்தால் மட்டுமே உலகக் கடல் ஏறியது என்று சொல்லலாம்.

கேப்பர் மலை வரைபடத்தை வைத்திருங்கள். அதில் 'கடல் ஏற்றம்' என்று எழுதியிருந்தால் அழித்துவிட்டு, கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள்: மணலின் பருமன், களியின் நிறம், எல்லை கூர்மையா மங்கலா, வளை உண்டா. காரையில் எடுக்கும் ஆழங்களையும் ஒற்றை எண்ணாக எழுதாமல் '30 முதல் 60 மீட்டர்' என்பதுபோல் வீச்சாகக் குறித்து அனுப்புங்கள், சேர்ந்து பார்க்கலாம்.