தேய்த்தால் வீங்கும் பழுப்புத் தடிப்பு

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப் பகுதிப் பெற்றோர்கள் கேட்டவை. பதில் சொல்பவர் ஒரு தோல் மருத்துவர்.

டாக்டர், மகனுக்கு ஐந்து மாதம். தோளில் ஐம்பது காசு அளவுக்குப் பழுப்பாக ஒரு தடிப்பு. குளிப்பாட்டித் துடைத்தால் சிவந்து கொப்புளம் போடுகிறது. சூட்டுக் கொப்புளம் என்கிறார் மாமியார்.

சூட்டுக் கொப்புளம் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வராதும்மா. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மாஸ்டோசைட்டோமா போல இருக்கிறது. அபூர்வம்தான், ஆனால் சாது. மாஸ்ட் செல்கள் எல்லோர் தோலிலும் உண்டு. அரிப்பையும் வீக்கத்தையும் கிளப்பும் ஹிஸ்டமின் என்ற பொருளைப் பொதிந்து வைத்திருக்கும். அவை ஓரிடத்தில் கூட்டம் போட்டால் இந்தத் தடிப்பு. உரசினால் ஹிஸ்டமின் வெளியே கொட்டும். சில நிமிடத்தில் அந்த இடம் மட்டும் சிவந்து, அரித்து, கொசுக்கடி போல உப்பும். இதற்கு டேரியர் அறிகுறி என்று பெயர். பெரும்பாலும் இதை வைத்தே கண்டுபிடித்துவிடுவோம். சந்தேகம் இருந்தால்தான் துளித் தோல் எடுத்துச் சோதிப்பது. நீங்களாக வீட்டில் தேய்த்துப் பார்க்க வேண்டாம். தடிப்பு பெரிதாக இருந்தால் உடம்பே சிவந்து ரத்த அழுத்தம் இறங்கக்கூடும்.

பேத்திக்கும் இதே மாதிரி ஐயா. தினமும் கோடாலித் தைலம் தேய்க்கிறேன், அடங்கவே இல்லை.

தேய்க்கத் தேய்க்க எப்படிப் பாட்டி அடங்கும்? கைக்குழந்தைக்கு அந்தத் தைலமே ஆகாது. குளிக்க வெதுவெதுப்பான தண்ணீர் போதும். துண்டால் ஒற்றி எடுங்கள்.

புற்றுநோயா? வெட்டி எடுக்க வேண்டுமா?

புற்றுநோய் இல்லை. பெரும்பாலும் வெட்டவும் வேண்டாம், மற்ற பிள்ளைகளுக்கு ஒட்டவும் ஒட்டாது. பருவ வயதுக்குள் பெரும்பாலும் தானே மங்கிவிடும். அரித்தால் அரிப்பு மருந்தோ ஸ்டீராய்டு களிம்போ எழுதித் தருவோம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் தந்த களிம்பு வேண்டாம், சரியா?

காய்ச்சல் வந்தால்?

பாராசிட்டமால் பொதுவாகத் தொந்தரவு செய்யாது. இபுபுரூஃபன், கோடீன் போன்ற வலி மருந்துகள் சிலருக்கு மாஸ்ட் செல்களைத் தூண்டிவிடும். டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். அறுவைச் சிகிச்சை ஏதாவது வந்தால், மயக்க மருந்து கொடுப்பவரிடம் முன்பே சொல்லுங்கள்.

நேராக ஈப்போவுக்கே போகட்டுமா?

முதலில் இங்கேயே அரசாங்கக் கிளினிக், கட்டணம் ஒரு வெள்ளிதான். அங்கே கடிதம் வாங்கிக்கொண்டு ஈப்போ பெரிய ஆஸ்பத்திரித் தோல் பிரிவுக்குப் போங்கள். கொப்புளம் கிளம்பும்போதே கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். உங்கள் முறை வருவதற்குள் அது அடங்கியிருக்கும். ஒன்றுக்குப் பதில் நிறையத் தடிப்புகள் இருந்தால் ரத்தத்தில் டிரிப்டேஸ் (மாஸ்ட் செல்கள் வெளிவிடும் ஒரு பொருள்) அளவும் பார்ப்போம். பிள்ளை மூச்சுத் திணறினாலோ துவண்டுபோனாலோ கடிதத்துக்குக் காத்திருக்காதீர்கள், 999 அழையுங்கள்.