பிரஷர் மாத்திரை கிட்னியைக் கெடுக்குமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 58 வயது. 12 வருடமாகச் சர்க்கரை. பிரஷர் 160/96 இருந்ததாலும், சிறுநீரில் அல்புமின் 180 என்று வந்ததாலும், டெல்மிசார்ட்டன் 40, ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 இரண்டும் சேர்ந்த மாத்திரையை டாக்டர் எழுதிக்கொடுத்தார். மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது கிரியேட்டினின் 1.1இலிருந்து 1.3 ஆகியிருந்தது. பொட்டாசியம் 4.8. "பிரஷர் மாத்திரை கிட்னியைத் தின்றுவிடும், கடைசியில் டயாலிசிஸ்தான்" என்று பக்கத்து வீட்டு மாமா சொல்லிவிட்டார். அப்பா பத்து நாளாக மாத்திரையைத் தொடவில்லை. நேற்று பிரஷர் 172/100. முட்டிவலிக்கு மெடிக்கலில் வாங்கும் மாத்திரையை மட்டும் போட்டுக்கொள்கிறார். என்ன செய்யட்டும்?
- ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்:

உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது 1.3 என்ற கிரியேட்டினின் இல்லை அம்மா. 172/100 என்ற பிரஷரும், கடைசியில் போகிறபோக்கில் நீங்கள் எழுதியிருக்கும் அந்த முட்டிவலி மாத்திரையும்தான்.

முதலில் கிரியேட்டினின். இது ரத்தத்தில் சேரும் ஒரு கழிவு; சிறுநீரகம் வடிகட்டும் வேகம் குறைந்தால் இதன் அளவு ஏறும். நம் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் ஒரு சின்ன வயல் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உள்ளே வர ஒரு மடை, வெளியேற ஒரு மடை. சர்க்கரையும் பிரஷரும் பல வருடம் சேர்ந்திருந்தால் வயலில் தண்ணீர் வரப்பு முட்ட நிற்கும். வரப்பு கரையும். அந்தக் கசிவுதான் சிறுநீரில் வரும் அல்புமின் என்ற புரதம். 30க்குள் இருக்க வேண்டியது அப்பாவுக்கு 180 இருக்கிறது. டெல்மிசார்ட்டன் செய்யும் வேலை, வெளியேறும் மடையைக் கொஞ்சம் அகலத் திறந்துவிடுவது. உள்ளே அழுத்தம் குறைகிறது, வரப்பு பிழைக்கிறது. அழுத்தம் குறைந்ததால் வடிகட்டும் வேகமும் சற்றுக் குறையும். அதனால் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறும். இது மாத்திரை வேலை செய்கிறது என்பதன் அடையாளம், சிறுநீரகம் அழிகிறது என்பதன் அடையாளம் இல்லை.

எவ்வளவு ஏறலாம்? பழைய அளவிலிருந்து 30 சதவீதம் வரை ஏறினால் பொதுவாக மாத்திரையை நிறுத்துவதில்லை. 1.1 இருந்தவருக்கு 1.4 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு ஏறியிருப்பது 18 சதவீதம். 30 சதவீதத்தைத் தாண்டி வேகமாக ஏறினால்தான் காரணம் தேட வேண்டும். உடம்பில் நீர் வற்றியிருக்கலாம், வேறு மாத்திரை குறுக்கே வந்திருக்கலாம். சிலருக்குச் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாயே சுருங்கியிருக்கும். அதை டாப்ளர் ஸ்கேனில் பார்ப்போம்.

சர்க்கரையால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களிடம் லோசார்ட்டன், இர்பெசார்ட்டன் என்ற இதே குடும்பத்து மருந்துகளை வைத்து நடந்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2001இல் வெளியாயின. ஒவ்வொன்றிலும் 1,500 பேருக்கு மேல். அந்த மருந்துகளைச் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெடும் வேகம் குறைந்தது. அப்பாவின் டாக்டர் இந்த மாத்திரையைத் தேர்ந்தெடுத்தது அவர் சிறுநீரகத்தைக் காப்பாற்றத்தான். மாமா அக்கறையில் சொல்லியிருப்பார். ஆனால், டயாலிசிஸ் வரை கொண்டுபோய் விடுவதில் முதல் இரண்டு இடம் சர்க்கரைக்கும், அடங்காத பிரஷருக்கும். மாத்திரைக்குப் பயந்து நிறுத்திவிட்டு, நாலைந்து வருடம் கழித்துக் கால் வீங்கி, மூச்சு வாங்கி வருகிறவர்களைப் பார்க்கும்போது மனது கனத்துப்போகிறது. அதைத் தடுத்திருக்கலாம்.

இப்போது முட்டிவலி மாத்திரை. பெயரை நீங்கள் எழுதவில்லை. சீட்டு இல்லாமல் வாங்குவது பெரும்பாலும் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் இவற்றில் ஒன்றாக இருக்கும். இவை உள்ளே வரும் மடையைச் சுருக்குகின்றன. பிரஷர் மாத்திரை வெளியேறும் மடையைத் திறந்து வைத்திருக்கிறது. அதோடு சேர்ந்திருக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடு ஒரு நீர் மாத்திரை, வாய்க்காலிலேயே தண்ணீரைக் குறைக்கிறது. மூன்றும் ஒரே நாளில் சேர்ந்தால் வயல் காய்ந்துபோகும். வெயில் காலத்தில், வயதானவர்களுக்கு, சில நாட்களிலேயே சிறுநீரகம் சட்டென்று படுத்துவிடுவதும் உண்டு. 1.3இல்கூட இந்த வலி மாத்திரைக்குப் பங்கு இருக்கலாம். போதாக்குறைக்கு இவை பிரஷரையும் ஏற்றும். அப்பா காப்பாற்றும் மாத்திரையை நிறுத்திவிட்டு, கெடுக்கும் மாத்திரையைத் தொடர்ந்துகொண்டிருக்கிறார்.

அதனால் வலி மாத்திரையை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். ஈரல் கோளாறு இல்லையென்றால் பாராசிட்டமால் போடலாம், ஒரு நாளைக்கு 3 கிராமைத் தாண்ட வேண்டாம். வெந்நீர் ஒத்தடம், தடவும் ஜெல், தொடைத் தசைக்கான பயிற்சி எல்லாம் உதவும். பிரஷர் மாத்திரையை மறுபடி தொடங்குவது பற்றி இன்றைக்கே அவருடைய டாக்டரிடம் பேசுங்கள். பத்து நாள் விட்டதை மறைக்காமல் சொல்லுங்கள், யாரும் திட்டமாட்டார்கள். இதற்கிடையில் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கை கால் இழுப்பு, பார்வை மங்கல் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். மாத்திரை தொடங்கி ஒன்றிரண்டு வாரத்தில் கிரியேட்டினின், பொட்டாசியம், சோடியம் மூன்றையும் பாருங்கள். பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியில் பார்த்தால் போதும்.

பொட்டாசியம் 4.8 பரவாயில்லை. 5.5ஐத் தாண்டினால் டாக்டருக்குத் தெரிய வேண்டும். அதற்கு மேல் போனால் இதயத் துடிப்பையே பாதிக்கும். பிரஷருக்கு நல்லது என்று கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பை வாங்காதீர்கள். அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியத்தைத்தான் சேர்த்திருக்கிறார்கள். இளநீரும் தினமும் வேண்டாம். எப்போதாவது ஒன்று குடித்தால் தவறில்லை.

மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டிய சமயமும் ஒன்று உண்டு. வயிற்றுப்போக்கு, விடாத வாந்தி, சாப்பிடவே முடியாத காய்ச்சல் என்று உடம்பில் நீர் வற்றும் நாட்களில் இந்த மாத்திரை சிறுநீரகத்துக்குப் பாரமாகிவிடும். சில சர்க்கரை மாத்திரைகளும் அப்படித்தான். அன்றைக்கே டாக்டரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். பெரும்பாலும் நிறுத்தி வைத்து, நன்றாகச் சாப்பிடத் தொடங்கி ஒன்றிரண்டு நாளில் மறுபடி தொடரச் சொல்வார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கும் அம்மாவுக்கும் உதவும். அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையில் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். கிட்னி போய்விட்டது என்று அழுதுகொண்டு வருவார்கள். அந்த வீக்கத்துக்கும் சிறுநீரகத்துக்கும் தொடர்பில்லை, ஆனாலும் ஒருமுறை பரிசோதித்து உறுதி செய்துகொள்ளலாம். டெல்மிசார்ட்டன் குடும்பத்தைக் கர்ப்பிணிகள் சாப்பிடவே கூடாது. வீட்டில் ஒருவர் மாத்திரையை இன்னொருவர் எடுத்துப் போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது லேப் ரிப்போர்ட்டோடு அந்த முட்டிவலி மாத்திரையின் அட்டையையும் எடுத்துப் போங்கள். காலி அட்டையாக இருந்தாலும் சரி.