கைநெசவு விரிப்புகள் நீடித்து உழைக்குமா?

கேள்வி: கையால் நெய்த இயற்கை நார் விரிப்புகளுக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா? நீடித்து உழைக்குமா?

கொடுக்கலாம். ஆனால் எந்த நார், வீட்டில் எந்த இடத்துக்கு என்று பார்த்துக் கொடுங்கள். அது பொருந்தாவிட்டால் எவ்வளவு நல்ல கைவேலையும் ஒரு மழைக்காலத்தோடு சரி.

ஆள் நடமாட்டம் அதிகமுள்ள கூடத்துக்கு நான் சொல்வது பவானி ஜமக்காளம்தான். தடித்த பருத்தி நூல். ஊடையை, அதாவது குறுக்கு நூலை, நெருக்கி அடித்து நெய்வதால் பாவு எனும் நெடுக்கு நூல் வெளியே தெரியாது. மிதியெல்லாம் ஊடைமேல்தான் விழும், உள்ளே பாவு பத்திரமாக இருக்கும். ஒரு பக்கம் மங்கினால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். பருத்திக்கு இன்னொரு குணமும் உண்டு: நனைந்தால் அதன் வலு குறையாது, கூடும். அதனால்தான் கல்யாண மண்டபங்களிலும் பஜனை மடங்களிலும் அடித்துத் துவைத்த ஜமக்காளங்கள் இன்னும் கிழியாமல் கிடக்கின்றன. முதல் துவையலைத் தனியாகப் போடுங்கள், சிவப்புச் சாயம் கொஞ்சம் இறங்கலாம்.

வாங்கும்போது திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்திலும் பட்டைகள் அதே தெளிவோடு இருக்க வேண்டும். கரையை இரு விரலால் கிள்ளி இழுத்தால் நூல் நகரக் கூடாது. சந்தேகமாக இருந்தால் குஞ்சத்தில் ஒரு இழையை உருவிக் கொளுத்துங்கள்: பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும், செயற்கை நூல் உருகி உருண்டையாகிவிடும். 1985-ம் வருஷச் சட்டத்தின்கீழ், விசைத்தறியில் நெய்யக் கூடாது என்று கைத்தறிக்கே ஒதுக்கிய ரகங்களில் ஜமக்காளமும் ஒன்று. கடைக்குப் போனால் அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது, அது வேறு கதை.

கோரைப்பாய் வேறு ஜாதி. படுக்க, உட்கார அதற்கு இணை இல்லை; வியர்வையை இழுத்துக்கொள்ளும், வெயில் காலத்தில் முதுகு ஒட்டாது. ஆனால் நாற்காலியை இழுக்கும் இடத்தில் போடக் கூடாது. சாதாரணக் கோரைப்பாயை மடித்து வைத்தால் மடிப்பிலேயே கோரை முறியும், சுருட்டித்தான் வைக்க வேண்டும். திருநெல்வேலிப் பக்கம் பத்தமடையில் நெய்யும் பட்டுப்பாய் இதற்கு விலக்கு. கோரையை ஓடும் தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய இழைகளாகக் கிழித்து, பருத்தியிலோ பட்டிலோ பாவு ஓட்டி நெய்வார்கள். துணி மாதிரி மடியும். விலையைக் கேட்டால் மலைப்பாக இருக்கும், வேலையைப் பார்த்தால் நியாயம் புரியும். எந்தப் பாயானாலும் ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். ஈரத்துணியால் துடைத்து, நிழலில் காற்றாட விட்டு, அப்புறம் சுருட்டுங்கள்.

குளியலறை வாசலுக்கும் தெருப்படிக்கும் தேங்காய் நார் மிதியடி போதும். மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் அதிகமுள்ள நார் என்பதால் எளிதில் அழுகாது, உப்புத் தண்ணீரையே தாங்கும். வெறுங்காலுக்குக் கொஞ்சம் குத்தும், அவ்வளவுதான்.

சணல் விரிப்பு பார்க்க அழகு, விலையும் பெரும்பாலும் குறைவு. ஆனால் நனைந்தால் வலு இழக்கும், வாடை அடிக்கும், ஜன்னல் வெயில் பட்டால் பழுப்பேறும். சாப்பாட்டு மேசைக்கு அடியில் போட்டுவிட்டு, கொட்டிய ரசத்தை எடுக்கப் பாடுபடாதீர்கள், கறை போகாது. தண்ணீர் வராத படுக்கையறை மூலை என்றால் தாராளமாகப் போடலாம். பூனை வளர்ப்பவர்கள் மட்டும் வளையம் வளையமாக நெய்த ரகத்தைத் தவிர்த்துவிடுங்கள். நகம் மாட்டி ஒரு இழை வெளியே வந்தால் பிறகு வரிசையாக உருவிக்கொண்டே வரும்.