முதலில் யாரை இறக்குவது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கிறோம். தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் நான் சேர்த்துவைத்த போக்கிமோன் அட்டைகள் சில இன்னும் என்னிடம் உள்ளன. ஆட்டத்தைத் தொடங்க ஹிட்மோன்சானை விடச் சிறந்த அட்டை கிடையாது என்பது அன்று எங்கள் லயத்துப் பையன்கள் எல்லாரும் ஒப்புக்கொண்ட உண்மை. இப்போது படிவம் இரண்டில் படிக்கும் என் மகன், 30 ஹெச்.பி. (உயிர்ப்புள்ளி) மட்டுமே உள்ள பட்யூ என்ற அட்டையை முன்னால் நிறுத்தித் தொடங்குகிறான். அதில் நான்கு வாங்க ஈப்போவுக்கு அழைத்துப்போகச் சொல்லி நச்சரிக்கிறான். ஒரே அடியில் விழுந்துவிடும் அட்டை எப்படி வலிமையான தொடக்கமாகும்? நான்கு வாங்கித் தரலாமா?
– ஒரு தந்தை, சுங்கை சிப்புட்

பதில்: தாங்கள் சொல்வதும் சரி, தங்கள் மகன் சொல்வதும் சரி. இருவரும் வெவ்வேறு காலத்து விதிகளின்படி பேசுகிறீர்கள், அவ்வளவுதான். தொடக்க அட்டையை மதிப்பிடும்போது ஹெச்.பி.யையும் அடியின் எண்ணையும் மட்டும் பார்ப்பவர்கள் பாதிக் கணக்கோடு நின்றுவிடுகிறார்கள். முன்னால் அது நிற்கும் முதல் இரண்டு முறைகளில் (ஒருவர் மாறி ஒருவர் ஆடும் வாய்ப்புகளில்) எதிராளியால் என்ன செய்ய முடியாமல் போகிறது, நம்மால் என்ன செய்ய முடிகிறது, அது விழும்போது நமக்கு எவ்வளவு இழப்பு என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்த பிறகே ஓர் அட்டையை வலிமையானது என்று சொல்ல வேண்டும்.

முதலில் தங்கள் ஹிட்மோன்சானை எடுத்துக்கொள்வோம். 1999இல் ஆங்கிலத்தில் வெளிவந்த முதல் தொகுப்பில் அதற்கு 70 ஹெச்.பி. இருந்தது, அதே தொகுப்பில் ஸ்குவர்ட்டலுக்கும் பல்பசாருக்கும் 40தான். தாக்குவதற்குத் தேவையான எனர்ஜி அட்டையை ஒரு முறைக்கு ஒன்று மட்டுமே இணைக்கலாம் என்ற விதிக்குள், ஒரே ஒரு எனர்ஜியில் 20 அடி கொடுக்கும் 'ஜேப்' அதனிடம் இருந்தது. அன்றைய விதிப்படி முதலில் ஆடுபவரும் முதல் முறையிலேயே தாக்கலாம். ஆகவே கையில் அடிக்கு 10 கூட்டும் பிளஸ்பவர் அட்டைகள் இரண்டு இருந்தால், எதிரே நிற்கும் ஸ்குவர்ட்டல் பரிணாமம் அடைந்து மேல்நிலை அட்டையாவது இருக்கட்டும், ஒரு முறைகூட ஆடாமலேயே விழுந்துவிடும். இலெக்ட்ரபஸ், சைத்தர் ஆகியவற்றோடு இதைச் சேர்த்துக் கட்டிய 'ஹேமேக்கர்' டெக் (அட்டைக்கட்டு) அந்தக் காலத்தில் புகழ்பெற்றதற்கு இந்த வேகமே காரணம்.

ஆனால் அதே ஹிட்மோன்சானுக்கு எதிரே சைத்தர் வந்து நின்றால் நிலைமை தலைகீழாகிவிடும். சண்டை வகை அடியில் 30ஐக் குறைத்துக்கொள்ளும் எதிர்ப்பு சைத்தருக்கு உண்டு. எனவே ஜேப் அடித்தால் ஒன்றுமே விழாது, மூன்று எனர்ஜி செலவழித்து 40 அடிக்கும் 'ஸ்பெஷல் பன்ச்' கொடுத்தாலும் 10தான் விழும். பின்வாங்கலாம் என்றால் ஹிட்மோன்சானுக்கு இரண்டு எனர்ஜி வேண்டும். சைத்தரோ ஒரு எனர்ஜியும் கொடுக்காமல் பின்வாங்கும். எவரை எதிர்த்து நிற்கிறது என்ற கேள்வி இல்லாமல் எந்தத் தொடக்க அட்டைக்கும் மதிப்பெண் போட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இன்றைய ஆட்டத்துக்கு வருவோம். முதலில் ஆடுபவர் தம் முதல் முறையில் தாக்கக்கூடாது. சப்போர்ட்டர் எனப்படும் உதவி அட்டையும் போடக்கூடாது. டிராகபல்ட் இ.எக்ஸ். போன்ற வலிமைமிக்க சிறப்பு அட்டைகள் 320 ஹெச்.பி.யோடு நிற்கின்றன, அவற்றின்மேல் 20 அடி விழுந்து என்ன பயன்? ஆகவே தொடக்க அட்டையின் வேலை அடிப்பது என்பதிலிருந்து நேரம் வாங்கித் தருவது என்று மாறிவிட்டது. முன்னால் நிற்கும்போது டெக்கின் மேலுள்ள இரண்டு அட்டைகளைப் பார்த்து ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ள விடும் காம்ஃபியை இதனால்தான் பலர் போற்றினார்கள். 2025இல் பிரிஸ்மாட்டிக் எவலூஷன்ஸ் தொகுப்பில் வந்த பட்யூவோ இன்னும் ஒரு படி மேலே போகிறது.

பட்யூவின் தாக்குதலுக்கு எனர்ஜியே வேண்டாம். அடி வெறும் 10தான். ஆனால் எதிராளி தம் அடுத்த முறையில் கையிலிருந்து ஐட்டம் எனப்படும் பொருள் அட்டை எதையும் போட முடியாது. இந்தத் தடை எந்த நேரத்தில் விழுகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். தங்கள் மகன் இரண்டாவதாக ஆடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். எதிராளி முதல் முறையை முடித்துவிட்டார். அந்த முறையில் யாரும் பரிணாமம் அடைய முடியாது என்பது விதி. அவர் தம் இரண்டாம் முறைக்காகத்தான் ரேர் கேண்டியைக் கையில் பிடித்துக் காத்திருப்பார், ஏனெனில் பேசிக் அட்டையிலிருந்து (நேரடியாக இறக்கக்கூடிய அடிப்படை அட்டை) நேரே ஸ்டேஜ் 2க்கு, அதாவது இரண்டாம் பரிணாம நிலைக்கு, அதைக் கொண்டு தாவ அப்போதுதான் முதல் வாய்ப்பு. சரியாக அந்த முறையில்தான் பட்யூவின் பூட்டு விழுகிறது. ரேர் கேண்டி, அல்ட்ரா பால், பாஃபின் போன்ற ஐட்டங்கள் எல்லாம் கையிலேயே முடங்கிக் கிடக்கும். பட்யூ சாகாத வரை அடுத்த முறையும் அதே பூட்டைப் போடலாம். அது விழுந்தாலும் எதிராளி எடுப்பது, வெற்றிக்கு அவர் எடுத்து முடிக்க வேண்டிய ஆறு பிரைஸ் அட்டைகளில் ஒன்றுதான், இ.எக்ஸ். அட்டை விழுந்தால் இரண்டு போகும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மகன் முதலில் ஆட நேர்ந்தால் பட்யூ முதல் முறையில் தாக்க முடியாது. எதிராளி ஐட்டம் அட்டைகளையெல்லாம் தாராளமாகப் போட்டு முடித்த பிறகுதான் அதன் வாய்ப்பு வரும். சப்போர்ட்டர் அட்டைகளை இந்தப் பூட்டு தடுக்காது. டிராகபல்ட் இ.எக்ஸ். தாக்கும்போது நம் பெஞ்ச்மீது (பின்வரிசையில் காத்திருக்கும் அட்டைகள்மீது) 60 அடியைத் தம் விருப்பப்படி பிரித்துப் போட எதிராளியால் முடியும்; அதில் பாதியே பெஞ்ச்சில் சும்மா உட்கார்ந்திருக்கும் பட்யூவுக்குப் போதும். ஆட்டத்தின் பின்பகுதியில் கையில் வந்து சேரும் பட்யூ பெரும்பாலும் சுமைதான்.

ஆகவே நான்கு வேண்டாம் என்பதே என் கருத்து. 60 அட்டை டெக்கில் நான்கு இருந்தால், தொடக்கத்தில் கையில் எடுக்கும் ஏழு அட்டைகளில் ஒன்றாவது வரும் வாய்ப்பு 40 விழுக்காடு. இரண்டு இருந்தால் 22 விழுக்காடு. இதைப் பார்த்து நான்கே நல்லது என்று மகன் வாதாடலாம். ஆனால் 70 ஹெச்.பி.க்கு மேற்படாத இரண்டு பேசிக் போக்கிமோன்களை டெக்கிலிருந்து பெஞ்ச்சுக்குக் கொண்டுவரும் பாஃபின், பட்யூவையும் கொண்டுவரும். இரண்டாவதாக ஆடுபவர் முதல் முறையில், அப்போது எடுக்கும் ஒன்றையும் சேர்த்து, எட்டு அட்டைகளைப் பார்த்துவிடுகிறார். இரண்டு பட்யூ, நான்கு பாஃபின் என்று வைத்தால் அந்த எட்டில் இவற்றுள் ஒன்றாவது இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 60 விழுக்காடு. பாஃபின் வழியில் வரும்போது முன்னால் நிற்பதைப் பின்வாங்க வைக்கவும் வேண்டும்; பட்யூ எனர்ஜி கேட்காததால், அந்த முறைக்குரிய எனர்ஜியை அதற்குச் செலவிடலாம். பாஃபின் மற்ற பேசிக் அட்டைகளுக்கும் உதவும், மூன்றாவது நான்காவது பட்யூவால் அந்த உதவி கிடைக்காது.

ஈப்போவுக்குப் போகும்முன் ஒரு வேலை செய்யுங்கள். காகிதத்துண்டில் பட்யூவின் விவரத்தை எழுதி, ஏதேனும் ஓர் அட்டைக்கு முன்னால் வைத்து உறைக்குள் செருகி, வீட்டிலேயே அப்பாவும் மகனுமாக ஆடிப் பாருங்கள். போட்டிகளில் இதற்கு இடமில்லை, வீட்டில் தடையில்லை. ஒவ்வோர் ஆட்டத்திலும் யார் முதலில் ஆடினார், பட்யூ எத்தனை முறை பூட்டியது, பூட்டிய முறையில் எதிராளி கையில் ஐட்டம் இருந்ததா என்ற மூன்றை மட்டும் மகன் குறித்துவரட்டும். பூட்டும்போதெல்லாம் எதிராளி கையில் ஐட்டமே இல்லை என்றால் அந்த டெக்கை எதிர்த்து பட்யூவால் பெரிய பயன் இல்லை. வெற்றி தோல்வியை மட்டும் எழுதினால் இது தெரியாமல் போய்விடும்.

கேள்வி: என் டெக்கில் எட்டே பேசிக் போக்கிமோன்கள் உள்ளன. நல்ல தொடக்க அட்டையே அடிக்கடி கையில் வர வேண்டும் என்று மற்றவற்றைக் குறைத்தேன். இது சரியா?
– ஒரு மாணவி, சுங்கை சிப்புட்

பதில்: எண்ணம் சரி, எண்ணிக்கை கொஞ்சம் குறைவு. எட்டு பேசிக் மட்டும் இருந்தால் முதல் ஏழில் ஒன்றுகூட வராமல் போகும் வாய்ப்பு ஏறத்தாழ 35 விழுக்காடு. அப்போது கையைக் காட்டிவிட்டு மீண்டும் கலைத்து எடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவைக்கும் எதிராளி ஓர் அட்டை கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். பேசிக்கைப் பன்னிரண்டாக உயர்த்தினால் அந்த வாய்ப்பு 19 விழுக்காடாக இறங்கிவிடும். இரண்டு மூன்று பேசிக் ஒன்றாகக் கையில் வந்தால் எதை முன்னால் நிறுத்துவது என்று தேர்ந்தெடுப்பது நீதான். அதனால், சேர்க்கும் நான்கும் உன் திட்டத்துக்கு உதவுபவையாக இருக்கும் வரை, அவை உன் தொடக்க அட்டைக்குப் போட்டியாகிவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. தனியாக அதுவே கையில் வந்து முன்னால் நிற்க நேர்ந்தாலும் பெரிய இழப்பு வராத அட்டைகளாக, அதாவது பின்வாங்க ஒரு எனர்ஜிக்கு மேல் கேட்காதவையாகப் பார்த்துச் சேர்த்துக்கொள்.