காணி உறுதி அலுமாரியிலேயே இருக்கட்டும்

அன்புள்ள அம்மா,

சனிக்கிழமை மகளையும் மகனையும் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். வாசலில் அடுத்த ஆட்கள் காத்திருந்ததால் கதை பாதியில் நின்றுவிட்டது. போகும்போது செருப்பைப் போட்டுக்கொண்டே, "சேர், கோண்டாவில் காணியை ஈடு வைத்தால் மகளின் படிப்புக்கு முதல் வருசத்துக்குக் காணும்" என்றீர்கள். அந்தச் சொல் இரண்டு நாளாக மனதில் கிடந்து அரிக்கிறது. இதே ஆசையோடும் இதே பயத்தோடும் வேறு சிலரும் வந்து போயிருக்கிறார்கள். ஆகவே எல்லோரும் படிக்கட்டும் என்று பொதுவாகவே எழுதுகிறேன். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன், பயப்பட வேண்டாம்.

பிள்ளை உயிரியல் பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்திருக்கிறாள். மருத்துவ பீட அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளி கொஞ்சம் குறைவு. அந்தக் கொஞ்சத்துக்காக இங்கே எத்தனை வீடுகளில் சோறு இறங்காமல் இருக்கிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு முகவர் பளபளப்பான புத்தகம் ஒன்றைக் கையில் தந்திருக்கிறார். 'நானோ மருத்துவம், நான்கு வருடப் பட்டம்.' அட்டையில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண்.

முதலில் அந்த வெள்ளைக் கோட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆய்வுகூடத்தில் வேலை செய்கிற எல்லோரும் அதைப் போடுவார்கள். அந்தப் பட்டத்தை முடித்துவிட்டு உங்கள் மகள் நோயாளிக்கு மருந்து எழுத முடியாது, மருத்துவ சபையில் பதியவும் முடியாது. முகவர் இதை மறைத்தாரா, நீங்கள் கேட்கவில்லையா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் "டொக்டருக்குச் சமம்தானே சேர்?" என்று நீங்கள் கேட்டபோது பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு விடை தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

சரி, அப்படியானால் நானோ என்பது வெறும் புழுகா? இல்லை. அதை ஒரு தொழிலின் பெயர் என்று நினைப்பதில்தான் பிழை. நானோ என்பது ஓர் அளவு. ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் துண்டாகப் பிரித்தால் ஒரு துண்டு ஒரு நானோமீற்றர். ஒரு தலைமயிரின் தடிப்பு கிட்டத்தட்ட 80,000 முதல் 1,00,000 நானோமீற்றர். அவ்வளவு சிறிதாக்கினால் பொருளின் குணமே மாறிவிடுகிறது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வந்த கதைதான்.

கொரோனா நேரம் வாங்கிய அன்ரிஜன் பரிசோதனைப் பெட்டி வீட்டில் மிச்சம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அந்தக் கீற்றில் விழும் சிவப்புக் கோடு பலவற்றில் சாயம் அல்ல, தங்கம். சில பத்து நானோமீற்றர் விட்டமுள்ள தங்கத் துணிக்கைகள். கஸ்தூரியார் வீதி நகைக்கடையில் மஞ்சளாக மின்னுகிற அதே தங்கம், அந்த அளவுக்குச் சிறுத்தால் சிவப்பாகிவிடுகிறது. 'குவாண்டம் டொட்' என்று ரீவி விளம்பரத்தில் வருவதிலும் இதே சங்கதிதான்: ஒரே பொருள், துணிக்கையின் அளவை மாற்றினால் நிறம் மாறும். அதைக் கண்டுபிடித்து உருவாக்கிய மூவருக்கு 2023 இல் இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது. பௌதிகவியல் வேலை மாதிரி இருக்கிறது, பரிசோ இரசாயனவியலில். பாடங்களின் எல்லை இங்கே கலங்கிப் போகும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இனி மருத்துவப் பக்கம். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையில் சொந்தக்காரருக்குத் துணை நின்றவர்கள் சிவப்பு நிறத்தில் ஏறும் ஒரு மருந்தைப் பார்த்திருக்கக்கூடும். டொக்சோரூபிசின். புற்றுக் கலங்களைக் கொல்லும், ஆனால் இதயத்தையும் பதம் பார்க்கும். இதே மருந்தை நூறு நானோமீற்றருக்கு உட்பட்ட கொழுப்புக் குமிழிகளுக்குள் அடைத்து ஏற்றினால் இதயத்துக்கு வரும் சேதம் குறைகிறது. அந்த வடிவத்துக்கு அமெரிக்காவில் 1995 இலேயே அனுமதி கொடுத்துவிட்டார்கள். ஆக நானோ மருத்துவம் நாளைக்கு வரப்போகிற அதிசயம் அல்ல, உங்கள் மகளை விட வயதில் மூத்தது. கொரோனாவுக்கு பூஸ்டர் என்று பலர் போட்டுக்கொண்ட பைசர் ஊசியிலும் அதே மாதிரிக் கொழுப்புக் குமிழிதான் உள்ளே இருக்கும் ஆர்.என்.ஏ. என்ற செய்தி இழையைப் பத்திரமாகக் கலத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. குமிழி இல்லையென்றால் இழை போகிற வழியிலேயே சிதைந்துவிடும்.

இந்த இடத்தில் முகவரின் புத்தகம் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். 'நோய் உள்ள இடத்துக்கு மட்டும் நேரே போகும் மருந்து' என்று அதில் போட்டிருக்கிறார்கள். 2016 இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, அதற்கு முந்திய பத்து வருட விலங்குப் பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. உடலில் ஏற்றிய நானோ துணிக்கைகளில் கட்டியை அடைந்தது நடுத்தரமாக 0.7 சதவீதம். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை! மிச்சத்தில் பெரும்பகுதியை ஈரலும் மண்ணீரலும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. இதைக் கேட்டால் உங்களுக்கு மனம் விட்டுப்போகலாம். எனக்கு நேர் எதிராகத் தோன்றுகிறது. தீர்ந்துபோன கணக்குக்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. ஈரலை எப்படித் தாண்டுவது என்று மண்டையைப் போட்டு உடைக்க ஆட்கள் வேண்டும். அந்த ஆட்கள் மருந்தகவியல் படித்தவர்கள், இரசாயனவியல் படித்தவர்கள், உயிர்இரசாயனவியல் படித்தவர்கள்.

இதைத்தான் சனிக்கிழமை சொல்ல வந்தேன். பதினெட்டு, பத்தொன்பது வயதில் நானோ படிக்கத் தேவையில்லை. தாய்ப் பாடம் ஒன்றை வடிவாகப் படிக்க வேண்டும். அதன் மேல் நானோ ஏறிக்கொள்ளும். நாலு வருடத்தில் கொஞ்சம் பௌதிகவியல், கொஞ்சம் இரசாயனவியல், கொஞ்சம் உயிரியல், கொஞ்சம் கணினி என்று நுனிப்புல் மேய்ந்து வெளியே வந்தால், மருந்துக் கம்பனி இரசாயனவியல் பட்டதாரியைத்தான் எடுக்கும், சிப் கம்பனி இலத்திரனியல் பட்டதாரியைத்தான் எடுக்கும். எல்லா நானோ பட்டமும் அப்படித்தான் என்று சொல்லமாட்டேன், சில இடங்களில் நன்றாகவே நடத்துகிறார்கள். முகவரிடம் நாலு வருடப் பாடப் பட்டியலைக் கேளுங்கள், படம் போட்ட புத்தகத்தை அல்ல. எத்தனை மணித்தியாலம் ஆய்வுகூட வேலை என்றும், அந்தப் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கிறதா என்றும் கேளுங்கள். அவர் தடுமாறினால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

மகன் அன்று கேட்ட கேள்விக்கும் நான் பதில் சொல்லவில்லை. கணிதப் பிரிவில் இப்போதுதான் சேர்ந்திருக்கிறான், இல்லையா? "போனில் 3 நானோமீற்றர் சிப் என்கிறார்களே, அதில் எது 3 நானோமீற்றர்?" நல்ல கேள்வி. எதுவுமே இல்லை என்பதுதான் விடை. அது இப்போது ஒரு தலைமுறையின் பெயர், சேலைக்குப் பெயர் வைப்பது மாதிரி. அதில் அடுத்தடுத்த ட்ரான்சிஸ்டர்களின், அதாவது மின்னை விட்டு நிறுத்தும் நுண்ணிய ஆளிகளின், இடைவெளி நாற்பது, ஐம்பது நானோமீற்றர் அளவில் இருக்கும். அதற்காக விளையாட்டு வேலை என்று நினைத்துவிட வேண்டாம். 2020 இல் வந்த அப்பிள் எம்1 சிப்பில் 1,600 கோடி ட்ரான்சிஸ்டர்கள். இந்த மாதிரி நுணுக்கமான சிப்களில் கோடு வரைய, உருகிய தகரத் துளிகள் மேல் ஒரு விநாடிக்கு 50,000 தடவை லேசரை அடித்து 13.5 நானோமீற்றர் அலைநீள ஒளியை உண்டாக்குகிறார்கள். அந்த இயந்திரத்தைச் செய்வது உலகத்திலேயே ஒரே ஒரு கம்பனி, நெதர்லாந்தில். இப்படிச் சிப் வார்க்கும் ஆலை இலங்கையில் இல்லை. ஆகவே மகனுக்கு இந்த ஆசை நிலைத்தால், இலத்திரனியல் அல்லது பொருள் விஞ்ஞானப் பொறியியல் படித்துவிட்டுத் தாய்வான், கொரியா, அமெரிக்கா என்று போகத்தான் வேண்டியிருக்கும். அம்மாவாக நீங்கள் அதை இப்போதே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

தரவுச் சேமிப்பைப் பற்றியும் அவன் கேட்டான். அதற்கு ஒரு கணக்கு. 1981 இல் எங்கள் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது போனவை 97,000 புத்தகங்கள் என்று சொல்கிறோம். ஒரு தமிழ்ப் புத்தகத்தின் எழுத்துகளை மட்டும் தட்டச்சுச் செய்தால் சுமார் ஒன்றரை எம்.பி. வரும் என்று வையுங்கள். மொத்தம் 150 ஜி.பி.க்குள் அடங்கிவிடும். விரல் நகம் அளவான 256 ஜி.பி. மெமறி காட்டில் போட்டாலும் மிச்சம் இடம் இருக்கும். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் ஒரு நிமிடம் பேசாமல் இருப்பார்கள்.

எப்படி அடங்குகிறது? இரண்டு பரப்புக் காணிக்குள் வீடு காணாது என்றால் மேலே மாடி எடுக்கிறோம் அல்லவா, அதே வேலைதான். சேமிப்புச் சிப்பில் இப்போது இருநூறுக்கும் மேற்பட்ட தட்டுகளை அடுக்குகிறார்கள். ஒவ்வொரு தட்டிலும் நானோ அளவு அறைகள், அறைக்குள் அடைத்து வைத்த இலத்திரன்கள். ஆனால் ஒரு குறை. மின்சாரம் கொடுக்காமல் வருடக்கணக்கில் போட்டு வைத்தால் இலத்திரன்கள் மெல்லக் கசியும், எழுத்து அழியும். பராமரித்த ஓலைச்சுவடி நூற்றாண்டுகளைத் தாங்கும், இது தாங்காது. அதனால் பெரிய ஆவணக் காப்பகங்கள் இன்றைக்கும் காந்த நாடாவை விடவில்லை. நீண்ட காலம் தாங்கும் சேமிப்பு வேண்டும் என்று டி.என்.ஏ. இழையில் தரவை எழுதிப் பார்க்கிறார்கள். எழுதவும் வாசிக்கவும் இன்னும் செலவு அதிகம், வேகமும் போதாது. உயிரியல் படித்த அக்காவும் கணிதம் படித்த தம்பியும் ஒரே மேசையில் வேலை செய்யக்கூடிய இடம் இது.

திரும்பவும் மகளுக்கு வருகிறேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே மருந்தகவியலும் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானமும் இருக்கின்றன. என்னைக் கேட்டால் மருந்தகவியல். நானோ மருந்து வேலையின் நடுப்பகுதியே மருந்தை எதில் பொதிந்து எப்படி அனுப்புவது என்பதுதான், அது மருந்தகவியலின் சொந்தப் பாடம். நானோ சரிவராவிட்டாலும் பிழைப்புக்குப் பஞ்சம் இல்லை. வெட்டுப்புள்ளி இடறினால் விஞ்ஞான பீடத்தில் இரசாயனவியல் சிறப்புப் பட்டம். கட்டணமும் இல்லை.

பிறகு மேல்படிப்பு. 2008 இல் தொடங்கிய ஸ்லின்டெக் என்ற நானோ ஆராய்ச்சி நிறுவனம் ஹோமாகமவில் இருக்கிறது. யூரியா உரம் மெதுவாகக் கரைய வேண்டும் என்று, எலும்பில் இருக்கும் அதே கனிமத்தின் நானோ துணிக்கைகளில் அதை ஒட்டிப் பார்த்தவர்கள். வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்று ஏறிக் கிடப்பதை நினைத்தால் அந்த ஆராய்ச்சி எனக்கு மருத்துவத்தை விடப் பெரிதாகத் தெரியும். சரி, அது என் பைத்தியம். வெளிநாடு என்றால், விஞ்ஞானப் பாடங்களில் அமெரிக்கா போன்ற இடங்களில் பிஎச்டி செய்பவருக்குப் பல்கலைக்கழகமே கட்டணத்தைத் தள்ளி, சீவிக்கவும் மாதாமாதம் காசு கொடுப்பதுதான் வழமை. நீங்கள் காணியை ஈடு வைக்க நினைக்கிற படிப்பில், நாலு வருடம் பொறுத்தால் அவர்கள் உங்கள் பிள்ளைக்குக் காசு கொடுக்கும் கட்டம் ஒன்று வரும். கனடா மாமாவிடமும் இதைச் சொல்லுங்கள்.

வருகிற சனி காலை ஒன்பது மணிக்கு வாருங்கள். ஆணைக்குழுவின் கைநூலையும் கடந்த வருட வெட்டுப்புள்ளிப் பட்டியலையும் கொண்டு வாருங்கள், விருப்ப ஒழுங்கை இருந்து நிரப்புவோம். முகவரின் புத்தகத்தையும் கொண்டு வரலாம். இந்தமுறை பிள்ளை கதைக்கட்டும், நீங்களும் நானும் கேட்போம்.